கடல் காணா நாடுகளும் கடற் காவலும்

கடல் யாருக்கு உரியது? கரையிலே குடியிருப்பவனுக்கு என்பதே எவர் மனத்திலும் முதலில் எழும் விடை. வலை வீசுகிறவன் அவன். கலம் செலுத்துகிறவன் அவன். புயல் வந்தால் உயிரையும் உடைமையையும் இழப்பவனும் அவனே. ஆகவே கடலைப் பற்றிப் பேசும் உரிமையும் கடலைக் காக்கும் கடமையும் அவனுக்கே உரியன என்று நாம் எண்ணிவிடுகின்றோம். மலைகளுக்கும் பாலைகளுக்கும் நடுவே, அலையோசையைக் கேட்டறியாத மக்கள் வாழும் நாடுகளுக்குக் கடலிலே என்ன அலுவல் என்று கேட்கவும் தோன்றும்.

ஆயின், உலக நாடுகள் கூடிக் கடலைப் பற்றி முடிவு செய்யும் சபைகளிலே அந்நாடுகளும் ஆசனம் பெற்றிருக்கின்றன. திமிங்கிலத்தை வேட்டையாடலாமா என்னும் வழக்கில் மொங்கோலியாவின் வாக்கும் எண்ணப்படுகின்றது. ஆழ்கடலின் அடித்தளத்திற் கிடக்கும் உலோகத்தில் நேபாளத்துக்கும் பங்குண்டென்று சட்டம் கூறுகின்றது. பிளாஸ்ரிக் கழிவுக்கு எதிராக ஓர் உலக உடன்படிக்கை வேண்டுமென்று முன்னின்று கேட்ட நாடுகளுள் ஒன்று, கடற்கரையே இல்லாத றுவண்டா. இஃது எவ்வாறு நேர்ந்தது? இது முறைதானா? பெற்ற உரிமையை அந்நாடுகள் எவ்வாறு பயன்படுத்தியிருக்கின்றன? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

தேசப்படத்திலே ஒரு பார்வை

மாணவர்கள் தம் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொள்வார்களாக. நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்ட நாடுகள், வத்திக்கான் நகரையும் சேர்த்து, 44 உள்ளன. ஆபிரிக்காவில் 16, ஐரோப்பாவில் 14, ஆசியாவில் 12, தென் அமெரிக்காவில் 2 எனக் காணலாம். இவற்றுட் பரப்பாற் பெரியது கசக்ஸ்தான். மக்கட்டொகையாற் பெரியது எதியோப்பியா. 1993ஆம் ஆண்டில் எரித்திரியா தனிநாடான போது, எதியோப்பியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு வேண்டிய பண்டங்கள் இன்று பெரும்பாலும் அயல் நாடான ஜிபுத்தியின் துறைமுகத்தினூடாகவே வந்து சேர்கின்றன. உஸ்பெகிஸ்தானும் லீக்ரென்ஸ்ரைனும் இன்னும் ஒருபடி அப்பாற்பட்டவை. அவற்றைச் சூழ்ந்துள்ள நாடுகளுக்கும் கடற்கரை இல்லை. அந்நாட்டவர் கடலை அடைய வேண்டுமாயின் இரண்டு எல்லைகளைக் கடத்தல் வேண்டும்.

கரையில்லாமை வெறும் பூகோளச் செய்தியன்று. அது வீட்டு அடுப்புவரை எட்டும் செய்தி. நேபாளத்துக்குக் கப்பலில் வரும் சரக்கு கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கி, இந்திய மண்ணைக் கடந்தே மலையேற வேண்டும். மொங்கோலியாவின் சரக்கு சீனாவின் தியான்சினில் இறங்குகின்றது. வழியிலே எல்லை மூடப்பட்டால் எரிபொருளும் மருந்தும் நின்றுபோகும். 44 நாடுகளுள் 32 வளர்ச்சி குன்றியவை என ஐக்கிய நாடுகள் தாபனம் வகுத்திருப்பதற்கு இத்தடையும் ஒரு காரணமாகும்.

கடலை இழந்த துயரை எந்நாடும் பொலீவியாவைப் போல் நெஞ்சில் வைத்துப் போற்றவில்லை எனலாம். 1879இல் மூண்ட பசிபிக் யுத்தத்திலே அந்நாடு தன் கரையோர மாநிலத்தைச் சிலியிடம் பறிகொடுத்தது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 23ஆம் நாளைப் பொலீவியர் ‘கடல் நாள்’ எனக் கொண்டாடுகின்றனர். கடலில்லாத அந்நாட்டுக்குக் கடற்படையும் உண்டு. அதன் படகுகள், கடல் மட்டத்துக்கு 3,800 மீற்றர் உயரத்திலுள்ள டிட்டிக்காக்கா ஏரியிலே வலம் வருகின்றன. கடல்வழி குறித்துப் பேச்சு நடத்தச் சிலி கடமைப்பட்டுள்ளதென்று பொலீவியா தொடுத்த வழக்கைச் சர்வதேச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதி, 12 நீதிபதிகளுக்கு 3 நீதிபதிகள் என்ற பெரும்பான்மையால் நிராகரித்தது.

கொடி பறக்க ஓர் உரிமை

கரையில்லா நாடுகள் முதலிற் கேட்டது மீனுமன்று, முத்துமன்று. கப்பலிலே தம் கொடியைப் பறக்கவிடும் உரிமையையே அவை கேட்டன. துறைமுகம் இல்லாத நாடு தன் கப்பலை எங்கே பரிசோதிக்கும், போர்க்கலம் இல்லாத நாடு தன் கொடியை எப்படிக் காக்கும் என்று வல்லரசுகள் வினவின. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சுவிற்சர்லாந்து எழுப்பிய வேண்டுகோள் இதனாலேயே பயனின்றிப் போயிற்று.

முதலாம் உலக மகாயுத்தத்தின் பின்னர் நிலைமை மாறியது. 1921ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் தேதி பார்சலோனா நகரிலே கூடிய மாநாடு, கடற்கரையற்ற அரசுகளின் கொடியையும் அங்கீகரிப்பதாகப் பிரகடனம் செய்தது. அவ்வரசு தன் நாட்டுக்குள்ளேயே ஓரிடத்தைக் குறித்துக் கப்பல்களை அங்கே பதிவு செய்தாற் போதும். அவ்விடமே அக்கப்பல்களின் பதிவுத் துறைமுகமாகக் கொள்ளப்படும்.

தாளில் இருந்த இவ்வுரிமை இருபது ஆண்டுகளின் பின்னர் உயிர் காக்கும் மருந்தாயிற்று. இரண்டாம் உலக மகாயுத்தத்திலே நாற்புறமும் போர் சூழ்ந்திருக்க, சுவிற்சர்லாந்துக்குத் தானியம் வருவது அரிதாயிற்று. வாடகைக்கு அமர்த்திய பிறநாட்டுக் கப்பல்களை நம்பியிருந்த அந்நாடு, 1941ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் தேதி கட்டளையொன்று பிறப்பித்துத் தனக்கெனக் கப்பற் கூட்டமொன்றை நிறுவியது. அக்கப்பல்களின் பின்புறத்திலே பதிவுத் துறைமுகமாக எழுதப்பட்ட பெயர் பாசல். அது றைன் நதிக்கரையிலுள்ள நகரம். அச்சமுத்திரக் கப்பல்களுள் எதுவும் அந்நகரை ஒருபோதும் சென்றடைய இயலாது. ஆயினும் வெண்சிலுவை பொறித்த செங்கொடி அன்று முதல் உலகக் கடல்களிற் பறந்து வருகின்றது.

கடலைச் சுரண்டுவதில் மட்டுமன்றி, கடலை அறிவதிலும் இம்மலைநாட்டார் முன்னின்றனர். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஒகஸ்ற் பிக்கார்ட் அமைத்த ‘றியெஸ்ற்’ என்னும் ஆழ்கடற் கலத்திலே, அவர் மைந்தர் ஜாக் பிக்கார்ட் 1960ஆம் ஆண்டு ஜனவரி 23ஆந் தேதி அமெரிக்கக் கடற்படை அதிகாரி டொன் வோல்ஷ் என்பாருடன் மரியானா அகழியின் அடித்தளத்தை எய்தினார். ஏறக்குறைய 10,900 மீற்றர் ஆழமான அவ்விடத்துக்கு மனிதர் சென்றது அதுவே முதன் முறை.

மனுக்குலத்தின் முதுசொம்

கொடிக்கு அடுத்தபடியாக எழுந்தது வழியுரிமை பற்றிய வினா. 1958ஆம் ஆண்டு ஜெனீவாவிற் கூடிய கடற் சட்ட மாநாடும், 1965ஆம் ஆண்டு நியூயோர்க்கில் உருவான போக்குவரத்து உடன்படிக்கையும் அதற்குச் சிறிது இடமளித்தன. ஆயினும் பெரும் போராட்டம் அதன் பின்னரே தொடங்கியது.

1967ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் தேதி, மோல்ட்டாத் தீவின் பிரதிநிதி ஆர்விட் பார்டோ ஐக்கிய நாடுகள் சபையிலே நீண்டதோர் உரை நிகழ்த்தினார். எந்நாட்டின் எல்லைக்கும் அப்பாற்பட்ட ஆழ்கடலடி, முந்திக்கொண்டவனின் உடைமையாகிவிடக் கூடாது. அது மனுக்குலம் முழுமைக்கும் பொதுவான முதுசொம் ஆதல் வேண்டும் என்பதே அவர் உரையின் சாரம். முதுசொம் என்னும் சொல்லின் பொருளை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அது முன்னோர் தேடிய சொத்து. நாம் அனுபவித்துப் பின்னோர்க்குக் கையளிக்க வேண்டிய சொத்து. முதுசொத்தில் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் பங்குண்டு. வளவிலே குடியிருப்பவனுக்கும் தூரதேசம் போனவனுக்கும் பங்குண்டு. கரையில்லா நாடுகள் தமக்கு வேண்டிய நியாயத்தை இக்கருத்திலே கண்டுகொண்டன.

1973ஆம் ஆண்டில் தொடங்கிய மூன்றாவது கடற் சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். ஹமில்ரன் ஷேர்லி அமரசிங்க, அதற்கு முன்னரே கடலடிக் குழுவின் தலைவராயிருந்து பொறுமைக்கும் நடுநிலைக்கும் பெயர் பெற்றவர். 1980ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் காலமான பின்னர், சிங்கப்பூரின் டொமி கோ அவ்வாசனத்தில் அமர்ந்து மாநாட்டை முடித்துவைத்தார். அம்மாநாட்டிலே கரையில்லா நாடுகளும், கடற்கரை இருந்தும் வசதி குன்றிய நாடுகளும் ஒன்றுசேர்ந்து 55 உறுப்பினர் கொண்ட அணியாக நின்றன.

அவ்வணி வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. கரையோர நாடுகள் ஒவ்வொன்றும் 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார வலயம் வைத்துக்கொள்ளலாம் என்று மாநாடு தீர்மானித்தபோது, உலகக் கடற்பரப்பின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட பகுதி, அதுவும் மீன்வளம் மிக்க பகுதி, கரைக்காரர் கைக்குச் சென்றது. அவ்வலயத்தில் எஞ்சும் மீனிலே அயலிலுள்ள கரையில்லா நாடுகளுக்கும் பங்குண்டென்று 69ஆம் உறுப்புரை கூறுகின்றது. எனினும் எஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிடுபவர் கரைக்காரரே. ஆதலின் அப்பங்கு ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்து வருகின்றது.

வென்றவை இவை: கடலுக்குச் செல்லவும் கடலிலிருந்து மீளவும் உரிமை, அயல்நாட்டு மண்ணினூடே சுங்க வரியின்றிச் சரக்குக் கொண்டு செல்லும் சுதந்திரம், திறந்த சமுத்திரத்திலே எல்லாரையும் போலக் கலம் செலுத்தவும் மீன்பிடிக்கவும் ஆராயவும் உரிமை, ஆழ்கடலடிச் செல்வத்தின் பயனிலே, கரை உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றிப் பங்கு. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் தேதி ஜமெய்க்காவின் மொன்டேகோ பே நகரிலே கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட அச்சாசனத்திலே முதல் நாளே 119 ஒப்பங்கள் இடப்பட்டன. 1994ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

விலைபோகும் கொடியும் வாக்கும்

பங்கு கிடைத்தது. பங்காளி பொறுப்புடன் நடந்துகொண்டானா? இங்கேதான் நாம் கசப்பான சில உண்மைகளையும் நோக்க வேண்டியிருக்கின்றது.

அரிதின் முயன்று பெற்ற கொடியுரிமையைச் சில நாடுகள் கடைச்சரக்காக்கின. பிறநாட்டுக் கப்பல் முதலாளிகள் சிறு கட்டணம் செலுத்தி அந்நாட்டுக் கொடியைப் பெற்றுக்கொள்வர். கப்பல் அந்நாட்டைக் கண்டதில்லை. அந்நாட்டு அதிகாரியும் கப்பலைக் கண்டதில்லை. மொங்கோலியா 2003ஆம் ஆண்டிலே கப்பற் பதிவகமொன்றைத் தொடங்கியது. அப்பதிவகம் நடைபெற்றதோ தலைநகரிலன்று, சிங்கப்பூரிலே. பொலீவியக் கொடியின் நிழலிலே சில கலங்கள் அத்திலாந்திக் சமுத்திரத்திற் கட்டுப்பாடின்றிப் பெருங்கண் சூரை மீனை வாரின. அதன் பொருட்டு, அச்சமுத்திரத்தின் சூரை மீனைப் பேணும் சர்வதேச ஆணைக்குழு 2002ஆம் ஆண்டில் அக்கொடியின் கீழ்ப் பிடிக்கப்படும் பெருங்கண் சூரையை வாங்கக் கூடாதென்று தன் உறுப்பு நாடுகளுக்கு விதித்தது. கடலை இழந்ததற்காக ஆண்டுதோறும் கண்ணீர் வடிக்கும் நாட்டின் கொடியே கடலைக் கொள்ளையிடுவோர்க்குப் போர்வையாயிற்று என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

கொடியைப் போலவே வாக்கும் விலைபோகலாம் என்னும் ஐயம் திமிங்கில விவகாரத்தில் எழுந்தது. 1946இல் உருவான உடன்படிக்கையின் கீழ் அமைந்த சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழுவிலே எந்நாடும் சேரலாம். கடற்கரை இருக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. உறுப்பு நாடு ஒன்றுக்கு ஒரு வாக்கு. 1982ஆம் ஆண்டிலே அவ்வாணைக்குழு, வியாபார நோக்குடன் திமிங்கிலம் வேட்டையாடுவதை நிறுத்தி வைக்க முடிவு செய்தது. அத்தடையை நீக்க நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். எனவே இரு தரப்பினரும் தத்தம் பக்கத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினர். 2002க்கும் 2007க்கும் இடையில் மொங்கோலியா, சான் மரினோ, மாலி, ஹங்கேரி, செக் குடியரசு, சிலோவாக்கியா, லக்சம்பேர்க், லாவோஸ் எனக் கரையில்லா நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆணைக்குழுவிற் புகுந்தன.

2006ஆம் ஆண்டு ஜூன் மாதம், கரீபியன் தீவான சென் கிற்ஸிலே ஆணைக்குழு கூடியது. வேட்டைத் தடை இனி அவசியமில்லை என்று கூறும் பிரகடனமொன்று முன்வைக்கப்பட்டது. சார்பாக 33, எதிராக 32 என ஒரேயொரு வாக்கினால் அது நிறைவேறிற்று. சார்பாக வாக்களித்தோருள் மாலியும் மொங்கோலியாவும் இருந்தன. எதிராக வாக்களித்தோருள் சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா, ஹங்கேரி, செக் குடியரசு, சிலோவாக்கியா, லக்சம்பேர்க், சான் மரினோ ஆகிய ஏழும் இருந்தன. பாலைவன நாடொன்றும் மலைநாடொன்றும் மறுபக்கம் சாய்ந்திருப்பின் முடிவே மாறியிருக்கும்! யப்பான் கொடுத்த அபிவிருத்தி உதவியே வறிய நாடுகளின் வாக்கை வாங்கியது என்று எதிர்த்தோர் குற்றஞ்சாட்டினர். யப்பான் அதை மறுத்தது. நான்கில் மூன்று பங்கு கிட்டாமையால் தடை நீங்கவில்லை. 2019ஆம் ஆண்டில் யப்பான் ஆணைக்குழுவை விட்டே விலகித் தன் கடல் எல்லைக்குள் வேட்டையை மீண்டும் தொடங்கியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கடலிலே இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் நடுநிலையாளனாக இருந்து நல்ல தீர்ப்பு வழங்கவும் கூடும். அதே காரணத்தால் எளிதில் விலைபோகவும் கூடும். அவன் வாக்கைப் பறிப்பது இதற்கு மருந்தாகாது. கரையுள்ள நாடுகள் யாவும் வாக்கைத் தூய்மையாகவே பயன்படுத்தின என்று எவரும் சத்தியம் செய்யார். இழப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் எண்ணமே பொய்யென்று அவனும் நாமும் உணர்வதே மருந்து. ஏன் பொய் என்பதை இனிக் காண்போம்.

மலையிற் பிறந்து கடலிற் சேர்வது

நதி எல்லை அறியாது. 1986ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் தேதி, விடிவதற்கு முன்னர், சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே இரசாயனக் களஞ்சியசாலையொன்று தீப்பற்றியது. தீயை அணைக்க இறைத்த நீர், அங்கிருந்த பூச்சிகொல்லிகளையும் சாயத்தையும் அள்ளிக்கொண்டு றைன் நதியிற் பாய்ந்தது. ஆறு செந்நிறமாயிற்று, விலாங்கு மீன்கள் இலட்சக்கணக்கில் மடிந்தன, நதியின் கீழ்ப்பகுதியிலே குடிநீர் எடுப்பது நிறுத்தப்பட்டது. அந்நதி சென்று சேர்வதோ நெதர்லாந்தின் கரையில், வட கடலில். கடலில்லா நாட்டில் ஓர் இரவு பற்றிய நெருப்பு, கடல்வரை செல்லும் நதியொன்றின் உயிரையே குடித்தது.

ஆயினும் அக்கேட்டிலிருந்து நன்மையும் விளைந்தது. றைனைக் காக்கும் சர்வதேச ஆணைக்குழு 1950ஆம் ஆண்டிலிருந்தே இருந்து வந்தது; அதில் சுவிற்சர்லாந்தும் லக்சம்பேர்க்கும் ஆரம்ப உறுப்பினர்கள். தீவிபத்தின் அடுத்த ஆண்டே அது கண்டிப்பான செயற்றிட்டமொன்றை வகுத்தது. 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் நதிக்குத் திரும்பிவர வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்று. கடலிலே வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும் அம்மீன், 1990களில் மீண்டும் றைனில் ஏறத் தொடங்கியது.

டன்யூப் நதியின் கதையும் இத்தகையதே. பத்து நாடுகளைத் தொட்டுச் செல்லும் அந்நதியின் கரையிலே ஒஸ்திரியா, சிலோவாக்கியா, ஹங்கேரி, சேர்பியா ஆகிய கடலில்லா நாடுகளின் தலைநகரங்கள் நான்கும் அமைந்துள்ளன. 1970களிலும் 1980களிலும் வயலிலிட்ட உரத்தின் எச்சமும் நகரக் கழிவும் அந்நதிவழியே கருங்கடலிற் கலந்தன. உரம் பயிரை வளர்ப்பது போலவே நீரிலுள்ள பாசியையும் வளர்க்கும். பாசி மிகுந்து, மடிந்து, அடியிற் படிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். அவ்வாறே கருங்கடலின் வடமேற்குப் பகுதியில் அடித்தளத்து உயிர்கள் மூச்சுத் திணறி மாண்டன. 1990களில் உரப் பாவனை குறைந்ததும் கடல் சிறிது சிறிதாகத் தேறியது. 1994ஆம் ஆண்டில் சோபியா நகரிலே டன்யூப் பாதுகாப்பு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஹங்கேரிய உழவன் தன் வயலிலே செய்யும் சிக்கனம் கருங்கடல் மீனவனின் வலையிலே மீனாகின்றது.

இவ்வுண்மையைப் பிறர் சொல்லாமல் தானே உணர்ந்து நடந்த நாடு றுவண்டா. அந்நாட்டு மழைநீரின் பெரும்பகுதி ககேரா ஆற்றின் வழியாக விக்ரோறியா ஏரியை அடைந்து, நைல் நதியாகி, மத்தியதரைக் கடலிற் சேர்கின்றது. 2008ஆம் ஆண்டிலேயே பிளாஸ்ரிக் பைகளைத் தடை செய்த அந்நாடு, பெரு நாட்டுடன் இணைந்து உலகளாவிய உடன்படிக்கைக்கான பிரேரணையை முன்வைத்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் தேதி நைரோபியிற் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றாடற் சபை, அத்தகைய உடன்படிக்கைக்கான பேச்சைத் தொடங்கத் தீர்மானித்தது. 2021ஆம் ஆண்டிலே கொழும்புக்கு அண்மையில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்து, மேற்குக் கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கியதைக் கண்ட நமக்கு அத்தீர்மானத்தின் அருமை நன்கு விளங்கும். ஆயின் 2024 டிசம்பரிற் பூசானிலும் 2025 ஓகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவுற்ற பேச்சுக்கள் உடன்பாடின்றியே கலைந்தன.

நதியில்லாவிடினும் காற்று உண்டு. உலகில் எந்த மூலையிலே புகை எழுந்தாலும், மனிதன் வெளியிடும் கரியமிலவாயுவில் நாலிலொரு பங்களவைக் கடல் விழுங்குகின்றது. அதனால் கடல்நீரின் அமிலத்தன்மை பெருகிப் பவளமும் சிப்பியும் நலிகின்றன. புவியில் மிகையாகத் தேங்கும் வெப்பத்திலே 90 சதவீதத்துக்கு மேற்பட்டதைத் தாங்கிக்கொள்வதும் கடலே. அக்கடல் நிலை தடுமாறினால் மழை தடுமாறும். மழை தடுமாறினால் மலைநாட்டானின் வயலும் காயும். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் மாலைதீவின் மந்திரிசபை கடலுக்கடியிற் கூடி உலகுக்கு அபாயச் சங்கு ஊதியது. அவ்வாண்டு டிசம்பரில் நேபாளத்தின் மந்திரிசபை எவரெஸ்ற் சிகரத்துக்கு அருகே, 5,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள காலா பத்தரிற் கூடி, உருகும் பனிமலையைச் சுட்டிக்காட்டியது. ஒன்று உலகின் மிகத் தாழ்ந்த நாடு. மற்றது மிக உயர்ந்த சிகரத்தை உடைய நாடு. இரண்டும் ஒரே நோயைப் பற்றியே முறையிட்டன.

புதிய சாசனம்

திறந்த சமுத்திரம் உலகக் கடற்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அங்கே வாழும் உயிர்களைக் காக்க நெடுங்காலம் முழுமையான சட்டம் இருக்கவில்லை. இருபது ஆண்டுக் காலப் பேச்சின் பயனாக, 2023ஆம் ஆண்டு ஜூன் 19ஆந் தேதி அதற்கெனப் புதிய உடன்படிக்கை நிறைவேறியது. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் தேதி 60 நாடுகளின் உறுதிப்பாடு பூர்த்தியாகி, 2026ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. உறுதி செய்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அவற்றோடு கடலே இல்லாத மலாவியும் ஹங்கேரியும் நிற்கின்றன.

சமுத்திர நடுவிலே பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஏற்படுத்தவும், கேடு விளைக்கக்கூடிய முயற்சிகளை முன்கூட்டி ஆராயவும், கடலுயிரிகளின் மரபணுவிலிருந்து கிட்டும் மருந்து முதலியவற்றின் பயனைப் பகிரவும் இவ்வுடன்படிக்கை வழிவகுக்கின்றது. இணக்கம் காண இயலாதவிடத்து, பாதுகாப்புப் பகுதி பற்றிய முடிவுகளை நான்கில் மூன்று பங்கு வாக்கினால் எடுக்கலாம். அங்கே கரையில்லா நாட்டின் வாக்கும் வல்லரசின் வாக்கும் ஒரே நிறையுடையன. 2006இற் சென் கிற்ஸிலே கண்ட காட்சி இங்கும் நிகழலாம். நல்லதற்கும் நிகழலாம், தீயதற்கும் நிகழலாம்.

ஓர் ஊர்க்குளத்தை எண்ணிப் பார்ப்போம். குளக்கட்டின்மேல் வீடுள்ளவனுக்கு மட்டுமா குளம் சொந்தம்? நீர் வரும் காட்டோரத்தில் இருப்பவன் ஓடையை அடைத்தாலோ அழுக்காக்கினாலோ குளம் கெடும். குளம் கெட்டால் காட்டோரத்தானின் கிணறும் வற்றும். ஆகவே குளத்தைப் பற்றிய கூட்டத்திற்கு அவனையும் அழைப்பதே முறை. அழைக்கப்பட்டவன் யாரோ கொடுத்த காசுக்காகக் கைதூக்காதிருப்பதும் முறை. உலகக் கடலுக்கும் நியாயம் இதுவே.

கரையில்லா நாடுகள் நூறு ஆண்டுகள் வாதாடிப் பெற்ற பங்கு இரக்கத்தினால் ஈந்த பிச்சையன்று, முதுசொத்தின் பங்கு. முதுசொம் பெற்றவன் அதைக் காக்கவும் கடமைப்பட்டவன். தீவிலே பிறந்து நாடோறும் கடலைக் காணும் பேறு பெற்ற நமக்கோ அக்கடமை இருமடங்காகின்றது. கடலைக் காணாத றுவண்டாச் சிறுவன் பிளாஸ்ரிக் பையைக் கைவிட்டிருக்க, கடலோரத்தில் வாழும் நாம் அதை வாய்க்காலில் எறிவது முறையாகுமா?